பட்டனைத் தட்டினால் ஆர்கன் ஒலி வந்துவிடுகிறதே, பழைய மின் ஆர்கனில் அப்படி என்ன இருக்கிறது?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்திலும் மற்ற நாட்களில் மெல்லிசை மேடைகளிலும் கீபோர்டு வாசிப்பவர். “என் கீபோர்டில் பத்துப் பன்னிரண்டு வகை ஆர்கன் ஒலி இருக்கிறது. பட்டனைத் தட்டினால் வந்துவிடுகிறது. பிறகு ஏன் ஹாமண்ட் ஆர்கன் என்ற இருநூறு கிலோ எடையுள்ள பழைய மரப்பெட்டிக்கு உலகமே உருகுகிறது? எனக்கு அந்த ஒலி தட்டையாகத்தான் கேட்கிறது” என்பது அவருடைய கேள்வி.

தட்டையாகக் கேட்கிறது என்று அவர் சொன்னது உண்மை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வீணைத் தந்தியை மீட்டினால் சுரம் பிறந்த நொடியிலிருந்தே தேயத் தொடங்குகிறது. பியானோவும் கிட்டாரும் அப்படியே. ஆர்கனில் இந்தத் தேய்மானம் கிடையாது. விரலை வைத்தால் சுரம் முழு அளவில் எழும், எடுக்கும்வரை அதே அளவில் நிற்கும், எடுத்தால் கத்தரித்ததுபோல் அறுந்துவிடும். மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே ஒலிதான். இப்படிப்பட்ட ஒலிக்கு வாசிப்பவர்தான் வேறு எங்கிருந்தாவது மூச்சைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். அந்த மூச்சை எங்கே வைப்பது என்பதில்தான் ஆர்கன் வாசித்தவர்களின் திறமை எல்லாம் அடங்கியிருக்கிறது. பட்டனைத் தட்டியதும் உங்களுக்குக் கிடைப்பது மூச்சு ஊதப்படாத ஒலி.

என் அப்பா ஆரணிப் பக்கத்துத் தெருக்கூத்து ஜமா ஒன்றில் ஆர்மோனியம் வாசித்தவர். இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடியும்வரை கூத்து. கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் பேசும்போது அவருடைய இடது கை துருத்தியைப் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருக்கும். சுரம் இழைபோல் கேட்கும். திரை விலகி வேடக்காரர் வெளியே வரும் நேரத்தில் அதே கை துருத்தியை நாலு முறை வேகமாக அடிக்கும். கட்டை மாறவில்லை, சுரம் மாறவில்லை, களரியே நிமிர்ந்து உட்காரும். பக்கத்தில் அமர்ந்து நான் வேடிக்கை பார்த்ததெல்லாம் அந்த இடது கையைத்தான்.

ஆர்மோனியத்தில் கமகம் பேசாது என்பது பழைய குற்றச்சாட்டு. ஆல் இந்தியா ரேடியோ 1940 முதல் 1971 வரை அதைத் தள்ளியே வைத்திருந்தது. குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் வழுக்கிப் போக அதில் வழியில்லை. ஆனால் வட ஆற்காட்டில் கூத்துக் கேட்டு வளர்ந்த காதுகள் கமகம் இல்லாத இடத்தில் துருத்தியின் மூச்சைக் கேட்கப் பழகியவை. மின் ஆர்கனை முதன்முதலில் கேட்டபோது எனக்கு அது அந்நியமாகப் படாததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி அந்த மரப்பெட்டிக்கு வருவோம். லாரன்ஸ் ஹாமண்ட் என்பவர் சிகாகோவில் மின்சாரக் கடிகாரம் செய்து விற்றவர். இசைக் கலைஞர் அல்ல. மாறுதிசை மின்சாரத்தின் துடிப்போடு அடி பிசகாமல் ஒத்துச் சுற்றும் மோட்டார்தான் அவருடைய கைச்சரக்கு. அந்த மோட்டாரை வைத்து ஓர் ஆர்கன் செய்து 1934இல் காப்புரிமை பெற்றார். 1935இல் அது விற்பனைக்கு வந்தது.

உள்ளே இருப்பது சைக்கிள் டைனமோவுக்கு நெருங்கிய உறவு. விளிம்பில் மேடுபள்ளம் வெட்டிய இரும்புச் சக்கரம் ஒன்று, காந்தக் கம்பியின் முனைக்கு முன்னால் சுற்றுகிறது. ஒவ்வொரு மேடும் நெருங்கி விலகும்போது காந்தத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளில் மின்சாரம் ஒரு முறை ஏறி இறங்குகிறது. நொடிக்கு 440 மேடுகள் கடந்தால் நாம் ஆறு கட்டை (மேற்கத்திய ‘ஏ’) என்று சொல்லும் சுருதி. இப்படி 91 சக்கரங்கள், ஒரே மோட்டாரோடு பல்சக்கரங்களால் பிணைக்கப்பட்டு, ஆர்கன் இயங்கத் தொடங்கியதிலிருந்து நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கட்டையை அழுத்தும்போது எதுவும் புதிதாகச் சுற்றத் தொடங்குவதில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒலிக்குக் கதவு திறக்கிறது, அவ்வளவுதான். சக்கர உத்தி அவருக்கு முன்பே இருந்தது. தாடியஸ் காஹில் என்பவர் அதே முறையில் சுமார் 200 டன் எடையில் ஓர் இயந்திரம் செய்து 1906இல் நியூயார்க்கில் நிறுவி, தொலைபேசிக் கம்பி வழியாக இசையை அனுப்பிப் பார்த்தார். அன்றைக்கு ஒலிபெருக்கி இல்லை. ஹாமண்டின் காலத்தில் வால்வு ஆம்ப்ளிஃபயர் வந்துவிட்டதால் சக்கரங்களைச் சிறிதாக்க முடிந்தது.

விசைப்பலகைக்கு மேலே ஒன்பது இழுப்புப் பட்டைகள் இருக்கும், டிராபார் என்பார்கள். ஒவ்வொன்றையும் பூஜ்யத்திலிருந்து எட்டு வரை வெளியே இழுக்கலாம். ஒன்று அடிப்படைச் சுரம், ஒன்று அதற்குக் கீழ் ஸ்தாயி, ஒன்று மேல் ஸ்தாயி, ஒன்று மேல் ஸ்தாயிப் பஞ்சமம், இன்னொன்று அதற்கும் மேலே அந்தர காந்தாரம். எதை எவ்வளவு கலக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒலியின் நிறம் மாறும்.

இங்கே நம் காதுக்கு மட்டும் சட்டென்று பிடிபடும் ஒரு நுட்பம் இருக்கிறது. நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டினால் அந்தர காந்தாரம் தானாக மிதந்து வருமே, அது இயற்கையாகப் பிறக்கும் காந்தாரம். ஹாமண்ட் தன் காந்தாரத்துக்குத் தனிச் சக்கரம் வைக்கவில்லை. விசைப்பலகையில் ஏற்கெனவே உள்ள காந்தாரச் சக்கரத்தையே கடன் வாங்கினார். அது தம்புராவின் காந்தாரத்தைவிட ஓர் அரைச்சுரத்தில் ஏழில் ஒரு பங்கு கூடுதல். பஞ்சமத்திலும் நூலளவு வேறுபாடு உண்டு. அதனால் ஒற்றைச் சுரத்தை அழுத்தினாலும் உள்ளே மெல்லிய உரசல் கேட்டுக்கொண்டே இருக்கும். சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடு அந்த வாத்தியத்தின் தொண்டைக் கரகரப்பாக அமைந்துவிட்டது.

இந்தப் பெட்டி முதலில் ஆசைப்பட்டது தேவாலயத்துக் குழாய் ஆர்கனின் இடத்துக்கு. விளம்பரமும் அப்படித்தான் செய்தார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் அதை எதிர்த்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் வழிபாட்டுக் கூடத்தில் திரைக்குப் பின்னால் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக் காட்டினார்கள். கேட்டவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு முறை தவறாகச் சொன்னார்கள். இருந்தும், குழாய் ஆர்கனின் ஒலி வண்ணங்கள் அனைத்தையும் தரும் என்று இனி விளம்பரம் செய்யக்கூடாது என்று 1938இல் ஆணை வந்தது. ஆணையம் சொன்னது சரி என்பதுதான் என் கருத்தும். அது வேறு வாத்தியம்.

வேறு வாத்தியம் ஆனது எப்படி என்பதற்கு இரண்டு உதாரணம். ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ஒன்பது மின்தொடுப்புகள் உள்ளன. அழுத்தும்போது ஒன்பதும் ஒரே கணத்தில் தொடாமல் முன்பின்னாகத் தொடுவதால் சுரத்தின் தொடக்கத்தில் ‘டக்’ என்று ஓர் ஓசை எழும். நிறுவனத்தின் பொறியாளர்கள் இதைக் குறை என்று எண்ணி நீக்கப் பாடுபட்டார்கள். வாசித்தவர்களுக்கோ அதுதான் வேண்டியிருந்தது. மிருதங்கத்தில் சொல் விழுவதுபோல் ஒவ்வொரு சுரத்துக்கும் அது விளிம்பு கொடுத்தது. இன்று கணினி நிரல் எழுதுபவர்கள் அந்த ‘டக்’கை வேலை மெனக்கெட்டுச் சேர்க்கிறார்கள்.

அடுத்தது லெஸ்லி பெட்டி. டான் லெஸ்லி என்பவர் ஹாமண்ட் ஆர்கனின் ஒலி போதாது என்று கருதி 1940ஐ ஒட்டி ஒரு சுழலும் ஒலிபெருக்கி செய்தார். காட்பாடி சந்திப்பில் நடைமேடையில் நின்றுகொண்டிருங்கள். சரக்கு ரயில் ஒன்று நிற்காமல் ஊதிக்கொண்டே கடக்கும்போது, வரும்வரை மேலே நின்ற சுருதி தாண்டியதும் இறங்குகிறது அல்லவா? லெஸ்லி பெட்டிக்குள் அது நொடிக்கு ஏழு முறை நடக்கிறது. மேல் தட்டில் கொம்பு வடிவக் குழல் சுற்றுகிறது. பார்க்க இரண்டு வாய் இருந்தாலும் ஒன்றில்தான் ஒலி வரும். மற்றது எடைச் சமநிலைக்காக வைத்த பொய்வாய். கீழே மந்தர ஒலிக்காக ஒரு கனமான மர உருளை சுற்றுகிறது. வேகம் இரண்டு: ஒன்று ஆடி அசைந்து போவது, மற்றது படபடப்பது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது மேலே உள்ள இலேசான குழல் சட்டென்று வேகம் பிடிக்கும், கீழே உள்ள உருளை எடை காரணமாகப் பின்தங்கி மெல்ல வந்து சேரும். அந்தச் சில நொடிகளில் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றும்போது எழும் ஒலி இருக்கிறதே, அதைக் கேட்டுத்தான் மனிதர்கள் இந்த வாத்தியத்துக்கு வாழ்நாள் அடிமை ஆகிறார்கள். ஹாமண்டுக்கு லெஸ்லி பெட்டி கடைசிவரை பிடிக்கவில்லை. வாசித்தவர்கள் அவரைக் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்தே வாங்கினார்கள்.

குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத அமெரிக்கக் கறுப்பினத் தேவாலயங்கள்தான் ஹாமண்டை முதலில் முழுமையாகச் சொந்தமாக்கிக்கொண்டன. போதகர் பேசும்போது அடியில் இழையும், அவர் குரல் உயர உயரத் தானும் பொங்கும். கட்டியங்காரனுக்கும் ஆர்மோனியத்துக்கும் உள்ள அதே உறவு. அங்கிருந்து அது மதுக்கூடங்களுக்கும் ஜாஸுக்கும் வந்தது. 1956இல் ஜாஸ் கலைஞர் ஜிம்மி ஸ்மித் ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவு செய்யத் தொடங்கியபோது ஆர்கன் வாசிப்பே மாறிப்போனது. மந்தரத்தை இடது கையும் காலும் பார்த்துக்கொண்டதால் பேஸ் வாசிக்கத் தனி ஆள் தேவைப்படவில்லை. ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் என மூன்று பேர் போதும். முதல் மூன்று டிராபாரை முழுதும் இழுத்து மற்ற ஆறையும் உள்ளே தள்ளிவிடும் அவருடைய கலவையை இன்றும் மாணவர்கள் முதல் பாடமாகக் கற்கிறார்கள். வலது கால் ஒலி அளவு மிதியிலிருந்து இறங்கவே இறங்காது. என் அப்பாவின் இடது கை செய்த வேலையை அந்த வலது கால் செய்தது.

1962இல் பதினேழு வயது புக்கர் டி. ஜோன்ஸ் தன் குழுவோடு வாசித்த ‘கிரீன் ஆனியன்ஸ்’ பாடகரே இல்லாமல் வெற்றிபெற்றது. 1967இல் புரோகோல் ஹாரம் குழுவின் ‘எ ஒய்ட்டர் ஷேட் ஆஃப் பேல்’ பாட்டில் மாத்யூ ஃபிஷர் வாசித்த ஆர்கன் இசைக்காக அவரும் அப்பாட்டின் இசையமைப்பாளர்களில் ஒருவரே என்று 2009இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. பக்கவாத்தியம் என்று ஒதுக்க முடியாத இடத்தில் ஆர்கன் நின்றது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? டீப் பர்பிள் குழுவின் ஜான் லார்ட் லெஸ்லியையே ஒதுக்கிவிட்டு கிட்டார்க்காரர்களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் ஹாமண்டைச் செருகி உறும வைத்தார். ஜமைக்காவில் ஜாக்கி மிட்டூ போன்றவர்கள் தாளத்தின் இடைவெளிகளில் சிறு சிறு குமிழிகளாக அதை வாசித்தார்கள்.

இதெல்லாம் இருநூறு கிலோ பெட்டியைத் தூக்கிச் செல்ல ஆள் உள்ளவர்களுக்கு. வேலூர்ப் பக்கத்து மேடைகளுக்கு வந்தது வேறு வகை: காம்போ ஆர்கன், அதாவது மேடைக் குழுக்கள் தூக்கிச் செல்லும் சிறிய மின் ஆர்கன்.

அதன் கதையில் நமக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. 1954இல் வந்த ‘நாகின்’ இந்திப் படத்தின் மகுடி ஓசையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அது மகுடி இல்லை. பின்னாளில் இசையமைப்பாளரான கல்யாண்ஜி, கிளாவியோலின் என்ற ஒற்றைச் சுர மின்வாத்தியத்தில் வாசித்தது. அதே வகையில் யூனிவாக்ஸ் என்ற வாத்தியத்தை இங்கிலாந்தில் செய்தவர் டாம் ஜென்னிங்ஸ். அவருடைய நிறுவனம்தான் 1962இல் வாக்ஸ் கான்டினென்டல் என்ற டிரான்சிஸ்டர் ஆர்கனை வெளியிட்டது. வெள்ளைக் கட்டைகள் கறுப்பாகவும் கறுப்புக் கட்டைகள் வெள்ளையாகவும் நிறம் மாறியிருக்கும். 1964இல் அனிமல்ஸ் குழுவின் ஆலன் பிரைஸும், பிறகு டோர்ஸ் குழுவின் ரே மன்சாரெக்கும் வாசித்தது அதைத்தான். இத்தாலியிலிருந்து ஃபார்ஃபிசா வந்தது. சக்கரம் இல்லை, மோட்டார் இல்லை. இரண்டு பேர் தூக்கிவிடலாம். ஒலியில் ஹாமண்டின் உருண்டு திரண்ட தன்மை இருக்காது. நாணல் நாக்கு வைத்த வாத்தியத்தின் கூர்மை இருக்கும், நம் முகவீணையைப்போல.

1970களின் இறுதியில் நான் வேலூரில் ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கும் கடை ஒன்றில் வேலை கற்றுக்கொண்டிருந்தேன். வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அதையொட்டி நடந்த மெல்லிசைக் கச்சேரிக்கு ஒலிபெருக்கிகளோடு நானும் போனேன். அந்தக் குழுவிடம் பலர் கை மாறி வந்த ஒரு காம்போ ஆர்கன் இருந்தது. மூன்றாவது பாட்டின் நடுவில் வாசிப்பவரின் முகம் மாறியது. நாலரைக் கட்டைச் சுருதி (மேற்கத்திய ‘எஃப் ஷார்ப்’) ஒலிக்கவில்லை. ஒரு ஸ்தாயியில் மட்டும் அல்ல, மேலிருந்து கீழ்வரை எல்லா நாலரைக் கட்டையும் ஊமை.

பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் நன்கொடையாளர் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார். நான் டார்ச் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு மூடியைத் திறந்தேன். உள்ளே பன்னிரண்டு சிறு பலகைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒன்று. ஒவ்வொன்றும் தன் சுரத்தின் உச்ச ஸ்தாயியை மட்டும் பிறப்பிக்கும். அடுத்தடுத்த சுற்றுகள் அந்த அதிர்வை இரண்டாக, நான்காக, எட்டாக வகுத்துக் கீழ் ஸ்தாயிகளைத் தரும். தலைச்சுரம் செத்தால் வம்சமே செத்துவிடும். நாலரைக் கட்டைப் பலகையில் ஒரு கம்பியின் ஈயப்பற்று லாரி குலுங்கியதில் விட்டிருந்தது. ஈயம் வைத்துக் கட்டையை அழுத்தினேன். ஐந்து ஸ்தாயியும் ஒன்றாகத் திரும்பி வந்தன. அந்த நிமிடம்தான் இந்த வாத்தியம் எனக்குப் புரிந்தது என்று சொல்ல வேண்டும்.

அன்று மேடைக்கு மின்சாரம் ஜெனரேட்டரில் வந்தது. சீரியல் விளக்குகள் எரியும்போது அதற்கு மூச்சு வாங்கும். காம்போ ஆர்கன் அதைத் தாங்கியது. ஹாமண்டாக இருந்திருந்தால் கச்சேரி கெட்டிருக்கும். அதன் மோட்டார் மின்சாரத்தின் துடிப்போடு ஒத்துச் சுற்றுவது. 50 ஹெர்ட்ஸ் 47ஆக இறங்கினால் சுருதி முழுதாக ஓர் அரைச்சுரம் இறங்கிவிடும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஹாமண்டை அப்படியே நம் 50 ஹெர்ட்ஸில் செருகினால் ஒரு கட்டைச் சுருதியை (‘சி’) அழுத்தும்போது கீழ் ஸ்தாயியின் ஆறு கட்டைச் சுருதி (‘ஏ’) ஒலிக்கும். நம் மேடைகளில் ஹாமண்ட் ஏன் புழங்கவில்லை என்று கேட்பவர்களுக்கு விலையும் எடையும் பாதி விடை. இது மீதிப் பாதி.

தமிழ்த் திரையிசைக்கும் இந்தக் குடும்பம் அந்நியமில்லை. மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் ஆர்மோனியப் பெட்டியில்தான் பாட்டுகளைப் பிறப்பித்தார். இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’ வருவதற்கு முன்பு பிறருடைய குழுக்களில் கிட்டாரோடு காம்போ ஆர்கனும் வாசித்தவர். அந்தக் காலப் பாட்டுகளின் இடையிசையில் வயலின்களுக்கு அடியில் ஒரு மெல்லிய, கூரிய இழை நிற்பதைக் காது கொடுத்துக் கேளுங்கள்.

1970களின் நடுவில் ஹாமண்ட் தன் சக்கர ஆர்கன் உற்பத்தியை நிறுத்தியது. 1983இல் யமஹாவின் டி.எக்ஸ்.7 என்ற டிஜிட்டல் கீபோர்டு வந்தது. காம்போ ஆர்கன்கள் பரணுக்குப் போயின. எங்கள் கடைக்கே கிலோ கணக்கில் வந்தவை உண்டு. சிலவற்றைப் பிரித்து உதிரிபாகம் எடுத்தோம். இன்றும் அது என் மனதை அறுக்கிறது.

இப்போது தம்பி, உங்கள் கீபோர்டுக்கு வாருங்கள். முதலில் சஸ்டெயின் மிதியை, அதாவது விரலை எடுத்த பிறகும் சுரத்தை நீட்டும் மிதியை, கழற்றி வையுங்கள். ஆர்கனுக்கு அது விஷம். சுரங்கள் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டுமானால் விரல்தான் ஒட்ட வைக்க வேண்டும். அந்த இடத்தில் ஒலி அளவு மிதி ஒன்றை வாங்கி இணையுங்கள். ஆர்கன் ஒலியில் விரலின் அழுத்தத்துக்கு ஒலி கூடிக்குறைவதாக அமைத்திருந்தால் அதை அணையுங்கள். டிராபார் வசதி இருந்தால் முதல் மூன்றை முழுதும் இழுத்துவிட்டு மற்றவற்றை மூடித் தொடங்குங்கள். சுழல் ஒலிபெருக்கி வேகத்துக்கு உங்கள் கருவியில் ஒரு பட்டனோ நெம்புகோலோ இருக்கும், அது இடது கைக்கு எட்டும்படி உட்காருங்கள். எப்போதும் வேகமாக ஓடவிடாதீர்கள். அது காதைச் சலிப்பாக்கும்.

பிறகு ஒரே ஒரு கட்டையை அழுத்திப் பிடியுங்கள். ஐந்து கட்டைச் சுருதி (மேற்கத்திய ‘ஜி’) போதும். மிதியை மெல்ல மிதித்து ஒலியை எழுப்புங்கள், இறக்குங்கள், மறுபடி எழுப்புங்கள். உச்சத்தில் சுழற்சியை வேகப்படுத்துங்கள், நான்கு ஆவர்த்தனம் விட்டு மெதுவாக்குங்கள். மேல் ஒலி முதலில் அடங்கும், மந்தரம் பின்னால் வந்து அடங்கும். அது முழுதும் அடங்கும்வரை விரலை எடுக்காதீர்கள். ஒரு சுரத்தை இப்படி ஐந்து நிமிடம் பிடித்துப் பழகிவிட்டு, வரும் ஞாயிறு ஆராதனையில் ஜெபத்துக்கு அடியில் வாசித்துப் பாருங்கள். ஒலி அப்போதும் தட்டையாகக் கேட்டால் எனக்கு எழுதுங்கள். மிதியில் கோளாறா, பெட்டியில் கோளாறா என்று பார்த்துச் சொல்கிறேன்.